பதிவேட்டில் இல்லாத உழைப்பு: அமெரிக்கப் பள்ளி ஆலோசகர்களின் ஒரு தலைமுறை

அமெரிக்கச் சிற்றூர்களின் நாளிதழ்களில் இரங்கல் குறிப்புகளுக்கென்று ஒரு பக்கம் உண்டு. பெரும்பாலும் இறந்தவரின் குடும்பத்தாரே எழுதித் தருவார்கள். அண்மை ஆண்டுகளில் அந்தப் பக்கங்களைப் படித்துவருகிறவர்கள் ஒரே வார்ப்பிலான ஒரு வாழ்க்கையை அடிக்கடி சந்திக்கலாம். 1930-களில் பிறந்தவர். கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் இருந்தவர். போர்வீரர்களுக்கான அரசு உதவித்தொகையில் கல்லூரி முடித்து, வரலாறோ ஆங்கிலமோ கற்பிக்கும் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தவர். மாலை நேரங்களில் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். 1960-களின் ஏதோ ஒரு கோடை விடுமுறையில் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போய் ஆலோசகர் பயிற்சி பெற்றுத் திரும்பி, அதே பள்ளியில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஆலோசகராக இருந்துவிட்டு 1990-ஐ ஒட்டி ஓய்வுபெற்றவர். அதன் பிறகு தேவாலயம், தோட்டம், பேரப்பிள்ளைகள். ஆலோசகர் வேலையைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: எண்ணற்ற மாணவர்களுக்கு வழிகாட்டினார்.

இருபத்தைந்து ஆண்டு உழைப்புக்கு ஒரு வரி. எழுதியவர்களைக் குறைசொல்ல முடியாது. அவர் பள்ளியில் என்ன செய்தார் என்பது மனைவி மக்களுக்கே தெரிந்திருக்காது. வீட்டில் சொல்லக் கூடாத வேலை அது. அந்த ஒற்றை வரிக்குள் என்ன இருந்தது என்று தேடிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். அங்கே நன்றிக்குரியவையும் உண்டு, மன்னிக்க முடியாதவையும் உண்டு. இரண்டையும் சேர்த்து எழுதாத எந்த நினைவஞ்சலியும் அவர்களுக்கு நியாயம் செய்யாது என்பது என் எண்ணம்.

தேடத் தொடங்கியதுமே ஒரு சுவரில் முட்டுகிறோம். ஆசிரியரின் பாடக்குறிப்புகள் கிடைக்கின்றன, தலைமையாசிரியரின் சுற்றறிக்கைகள் கிடைக்கின்றன, பயிற்சியாளரின் கோப்பைகள் கண்ணாடி அலமாரியில் நிற்கின்றன. ஆலோசகரின் வேலைக்கு மட்டும் ஆவணம் இல்லை. இது தற்செயல் அன்று. 1974-இல் அமெரிக்க நாடாளுமன்றம் மாணவர் பதிவேடுகள் குறித்து ஒரு சட்டம் இயற்றியது. அதுவரை பள்ளிக்கூடம் பிள்ளையைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பெற்றோர் கேட்டால் காட்ட வேண்டிய கட்டாயம் பெரும்பாலான இடங்களில் இல்லை. புதிய சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது. கூடவே ஒரு விலக்கும் வந்தது. ஒரு பணியாளர் தம் சொந்த நினைவுக்காக மட்டும் எழுதிவைத்து, வேறு எவருக்கும் காட்டாமல் தம்மிடமே வைத்திருக்கும் குறிப்புகள் பள்ளிப் பதிவேட்டில் சேரா. ஆலோசகர்கள் உயிரான செய்திகளை எல்லாம் அந்தச் சொந்தக் குறிப்புகளில்தான் எழுதினார்கள். மாணவர் பள்ளியை விட்டுப் போனதும் அவற்றைக் கிழித்து அழித்துவிட வேண்டும் என்பது இத்தொழிலின் ஒழுக்க நெறி.

ஆகவே பள்ளியின் பழைய கோப்பைத் திறந்தால் மதிப்பெண் இருக்கும், வருகைப்பதிவு இருக்கும், தேர்வு முடிவுகளும் எடுத்த பாடங்களின் பட்டியலும் இருக்கும். கீழே ஆலோசகரின் கையொப்பம் இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் நன்றாகப் படித்த பெண் பத்தாம் வகுப்பில் ஏன் சரிந்தாள், மறுபடி எப்படி எழுந்தாள் என்பது இராது. அதை அறிந்த ஒருவர் அறிந்தபடியே போய்ச் சேர்ந்திருப்பார்.

இந்த மௌனத்துக்கு முன்னால் வாழ்ந்தவர், தம் வாழ்க்கையைத் தாமே எழுதிவைத்தவர் ஒருவர் இருக்கிறார். பள்ளி ஆலோசனைப் பணியின் முன்னோடி என்று அமெரிக்கர்கள் சொல்லும் ஜெஸ்ஸி பட்ரிக் டேவிஸ். 1871-இல் பிறந்தவர், பாப்டிஸ்ட் பாதிரியாரின் மகன். எந்தத் தொழிலுக்குப் போவது என்று தெரியாமல் தாமே இளமையில் தடுமாறியவர். 1898 முதல் 1907 வரை டெட்ராய்ட் நகரத்தின் சென்ட்ரல் மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு மாணவர்களைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தார். பாடத்தோடு நில்லாமல், பள்ளி முடிந்து என்ன செய்யப்போகிறாய் என்று ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டார். அப்படிக் கேட்பதற்கென்று ஓர் ஆள் அதற்கு முன் அமெரிக்கப் பள்ளிகளில் இருந்ததாகத் தெரியவில்லை.

1907-இல் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் தலைமையாசிரியர் ஆனார். அது மரச்சாமான் தொழிலுக்குப் பேர்போன ஊர். நாற்காலி, கட்டில், அலமாரி செய்யும் தொழிற்சாலைகளில் டச்சு, போலந்துக் குடியேறிகள் ஆயிரக்கணக்கில் உழைத்தார்கள். 1911-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த ஊர் அது. வீட்டுப் பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் பட்டறைக்கு அனுப்பிவிடும் கட்டாயம் பல குடும்பங்களுக்கு இருந்தது. இப்படிப்பட்ட ஊரில் டேவிஸ் செய்த காரியம் மிக எளிமையானது. புதிய ஆளையும் கேட்கவில்லை, புதிய பணத்தையும் கேட்கவில்லை. எல்லா மாணவர்களும் கட்டாயம் படிக்கும் பாடம் ஆங்கிலக் கட்டுரை எழுதுதல். அந்த வகுப்பில் வாரத்துக்கு ஒருமுறை மாணவர் தம்மைப் பற்றியும் தம் எதிர்காலத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்.

ஏழாம் வகுப்பில், பெரியவனானால் என்னவாக விரும்புகிறாய் என்று எழுத வேண்டும். எட்டாம் வகுப்பில், படிப்பதனால் என்ன பயன் என்று. ஒன்பதாம் வகுப்பில் பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்து, அவருடைய குணங்களோடு தன் குணங்களை ஒப்பிட்டு எழுத வேண்டும். அதற்கு வேண்டிய நூல்களை நகரப் பொதுநூலகம் எடுத்துக் கொடுத்தது. பத்தாம் வகுப்பில் உலகத்தின் தொழில்கள். பதினொன்றில் தான் தேர்ந்த தொழில், அதற்குத் தேவையான ஆயத்தம். பன்னிரண்டில், அந்தத் தொழிலைச் செய்யும்போது சமூகத்துக்குத் தான் பட்ட கடமை. இந்த வரிசையையும் மாணவர்களின் எழுத்தையும் 1914-இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

இன்று அந்த நூலைப் புரட்டினால் உபதேச வாடை அடிக்கும். தொழில் என்பது கடவுள் விடுக்கும் அழைப்பு என்ற நம்பிக்கை பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஆனால் இரண்டு விஷயங்களில் டேவிஸ் தமக்குப் பின்னால் வந்த பலரைவிட முன்னால் நின்றார். முதலாவது, அவர் ஏற்பாடு எல்லாப் பிள்ளைகளுக்குமானது. கெட்டிக்காரர்களையோ தொல்லை கொடுப்பவர்களையோ மட்டும் பொறுக்கி எடுத்துக் கவனிக்கவில்லை. இரண்டாவது, அவர் பேசத் தொடங்குவதற்கு முன் பிள்ளையை எழுதச் சொன்னார். தச்சன் மகன் தன் கையெழுத்தில் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறான்; ஒரு பெரியவர் அதை உட்கார்ந்து முழுவதும் படிக்கிறார். அந்தக் காலத்தில் அவனிடம் வேறு யார் அப்படிக் கேட்டிருப்பார்கள்?

1913-இல் கிராண்ட் ராப்பிட்ஸில் கூடிய மாநாட்டில்தான் தேசியத் தொழில் வழிகாட்டல் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு டேவிஸ் அதன் தலைவரானார். பின்னாளில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறைப் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்து ஓய்வுபெற்று 1955-இல் காலமானார். அவருடைய தன்வரலாறு மறு ஆண்டு வெளிவந்தது. தலைப்பில் அவர் தம்மை ஆலோசகர் என்றோ பேராசிரியர் என்றோ சொல்லிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் என்றே சொல்லிக்கொண்டார்.

பாஸ்டனில் ஏறத்தாழ இதே காலத்தில் இன்னொரு ஊற்று தோன்றியது. ஃபிராங்க் பார்சன்ஸ் என்ற வழக்கறிஞர் 1908 ஜனவரியில் புதுக்குடியேறிகள் நெருக்கமாக வாழ்ந்த பகுதியில் ஒரு தொழில் வழிகாட்டல் நிலையம் திறந்தார். உன்னை அறி, தொழிலை அறி, இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவருடைய முறை. அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். அவருடைய நூல் 1909-இல்தான் வந்தது. பாஸ்டன் பள்ளி நிர்வாகம் அந்த முறையை ஏற்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை ஆலோசகர்களாக நியமித்தது. அவர்களுக்குக் கூடுதல் சம்பளம் இல்லை, பாடவேளையிலும் குறைப்பு இல்லை. வகுப்பு எடுத்தது போக மீந்த நேரத்தில் ஆலோசனை சொல்ல வேண்டும். நேரமே கொடுக்காமல் பொறுப்பை மட்டும் கொடுப்பது என்ற வழக்கம் இந்தத் தொழிலின் பிறப்போடு பிறந்தது. அது இன்றுவரை தீரவில்லை.

இரங்கல் குறிப்புகளில் நாம் சந்திக்கும் தலைமுறையை உருவாக்கியது ஒரு சோவியத் செயற்கைக்கோள். 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் வானில் ஏறியதும் அமெரிக்கா பதறியது. நம் பள்ளிகளில் அறிவியல் மேதைகள் கண்டுபிடிக்கப்படாமல் வீணாகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. 1958 செப்டம்பர் 2 அன்று குடியரசுத் தலைவர் ஐசனோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பெயரிலேயே பாதுகாப்பு இருக்கிறது. அதன் ஐந்தாம் பகுதி பள்ளிகளில் தேர்வு நடத்தவும் ஆலோசகர்களை அமர்த்தவும் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டாலர் ஒதுக்கியது. பல்கலைக்கழகங்களில் கோடைக்காலப் பயிற்சி நிலையங்களும் திறக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் அரசு தந்த படிச்செலவோடு போய்ப் படித்துத் திரும்பினார்கள். 1950-களின் இறுதியில் ஓர் ஆலோசகருக்குச் சுமார் 960 மாணவர் என்றிருந்தது, எட்டே ஆண்டுகளில் சுமார் 450 ஆகக் குறைந்தது. அந்தத் தொழில் அவ்வளவு வேகமாக வளர்ந்த காலம் வேறில்லை.

அரசாங்கம் இவர்களிடம் எதிர்பார்த்தது ஒன்று. பல்கலைக்கழகத்தில் இவர்கள் கற்றது வேறொன்று. அரசுக்குத் தேவை விஞ்ஞானிகள். தேர்வு வைத்து, திறமையுள்ளவர்களைப் பிரித்து, கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். பயிற்சி வகுப்பிலோ கார்ல் ரோஜர்ஸின் செல்வாக்கு கொடிகட்டிப் பறந்தது. 1942-இல் வெளிவந்த நூலில் அவர் முன்வைத்த பார்வை: ஆலோசகர் தீர்ப்புச் சொல்பவர் இல்லை, வந்தவர் தம் வழியைத் தாமே கண்டுகொள்ளும்படி பொறுமையாகக் கேட்பவர். நாட்டுக்கு வேண்டியவரைப் பொறுக்கி எடு என்பது ஒரு கட்டளை. எதிரே இருக்கும் பிள்ளை சொல்வதைக் கேள் என்பது மற்றொன்று. 1962-இல் கில்பர்ட் ரென் மாறிவரும் உலகில் ஆலோசகரின் இடம் பற்றி எழுதிய புகழ்பெற்ற அறிக்கை இரண்டாவது பக்கம் சாய்ந்தது. நெருக்கடியில் சிக்கியவரையும் மேதைகளையும் மட்டும் கவனிப்பது போதாது, எல்லாப் பிள்ளைகளின் வளர்ச்சியும் ஆலோசகரின் பொறுப்பு என்றார் அவர். டேவிஸ் 1907-இல் செய்ததற்கே ஊர் சுற்றித் திரும்பி வந்ததுபோல் இருக்கிறது.

வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளை நினைத்துப் பார்த்தால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் பாரம் விளங்கும். பதினெட்டு வயது நிரம்பிய ஆண்கள் கட்டாய ராணுவ சேவைக்குப் பெயர் பதிய வேண்டும். முழுநேரக் கல்லூரி மாணவருக்குச் சேவையிலிருந்து தள்ளிவைப்புக் கிடைத்தது. 1971 வரை இந்த ஏற்பாடு நீடித்தது. ஆக, ஒரு நடுத்தர மதிப்பெண் மாணவனுக்கு ஆலோசகர் எழுதும் பரிந்துரைக் கடிதம் கல்லூரி இடத்துக்கான கடிதமாக மட்டும் இருக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தவரோ கொரியாவுக்குப் போய் வந்த தலைமுறையைச் சேர்ந்தவர். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு ஆலோசகர் இல்லாவிட்டாலும் கல்லூரி கிடைக்கும். ஆலைத் தொழிலாளியின் மகனுக்கு அந்தக் கடிதமே எல்லாம். எத்தனை ஆலோசகர்கள் இதை உணர்ந்து இரவு விழித்து எழுதினார்கள், எத்தனை பேர் பாராமல் போனார்கள் என்பதற்கு எந்தப் பதிவேடும் இல்லை.

மன்னிக்க முடியாதவையும் உண்டு என்றேன். 1963-இல் ஆரன் சிகூரெல், ஜான் கிட்சூஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் ஒரு வசதியான புறநகர்ப் பள்ளியை ஆராய்ந்து, கல்வி முடிவுகளை எடுப்பது யார் என்று ஒரு நூல் எழுதினார்கள். கல்லூரிப் பாதையில் யாரைச் சேர்ப்பது, யாரைத் தவிர்ப்பது என்பதை மதிப்பெண் மட்டும் தீர்மானிக்கவில்லை என்று அவர்கள் காட்டினார்கள். மாணவரின் தோற்றம், பழகும் விதம், பெற்றோரின் வசதி, அவர்கள் பள்ளியை வற்புறுத்தும் பலம் ஆகிய எல்லாவற்றையும் ஆலோசகர் தம்மையறியாமலே கணக்கில் சேர்த்துக்கொண்டார். புன்னகையோடு நடந்த வடிகட்டல் அது. வடிகட்டப்பட்டவர்கள் தங்கள் திறமை அவ்வளவுதான் என்று நம்பிக்கொண்டு போனார்கள்.

பெண்களுக்கு நேர்ந்ததைக் கையில் பிடித்தே பார்க்கலாம். தொழில் விருப்பத்தை அளக்க அந்நாளில் ஆலோசகர்கள் பரவலாகப் பயன்படுத்திய வினாத்தாள் எட்வர்ட் ஸ்ட்ராங் வகுத்தது. அதில் ஆண்களுக்கு ஒரு படிவம், நீல நிறம். பெண்களுக்குத் தனிப் படிவம், இளஞ்சிவப்பு. இரண்டிலும் கேள்விகளும் வேறு, விடைகளை ஒப்பிடும் தொழில்களின் பட்டியலும் வேறு. ஒரு பெண் எவ்வளவு கூர்மையாகப் பதில் எழுதினாலும் அவள் கையில் இருந்த தாளில் இல்லாத தொழிலுக்கு அவள் பொருத்தமானவள் என்று முடிவு வர வழியே இல்லை. ஆலோசகருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. அலமாரியைத் திறந்து சரியான நிறத் தாளை எடுத்துக் கொடுத்தால் போதும், மீதியைத் தாள் பார்த்துக்கொண்டது. 1972-இல் கல்வியில் பால் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் வந்தது. 1974-இல் இரு படிவங்களும் ஒன்றாக்கப்பட்டன. அதற்குள் ஒரு தலைமுறைப் பெண்கள் செவிலியராக, செயலாளராக, தொடக்கப்பள்ளி ஆசிரியையாக அனுப்பப்பட்டுவிட்டார்கள். அவர்களில் பலர் அந்த வேலைகளை மனமுவந்து செய்திருக்கலாம். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவர்கள் முன் வைக்கப்படவில்லை என்பதே குற்றம்.

கறுப்பின மாணவர்களின் அனுபவத்துக்கு உலகறிந்த சாட்சி மிஷேல் ஒபாமா. சிகாகோவின் விட்னி யங் பள்ளியில் படித்தபோது கல்லூரி ஆலோசகரைப் பார்க்கப் போனார். வகுப்பில் முன்வரிசை மாணவி, இறுதியாண்டு வகுப்பின் பொருளாளர், அண்ணன் ஏற்கெனவே பிரின்ஸ்டனில் படிக்கிறார். ஆலோசகரோ பதிவுகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, பிரின்ஸ்டனுக்கு நீ ஏற்றவள்தானா என்பது சந்தேகமே என்று சொன்னார். 2018-இல் வெளிவந்த தன்வரலாற்றில் இதை எழுதும் மிஷேலுக்கு அந்த ஆலோசகரின் முகமோ வயதோ நினைவில் இல்லை. அவரை மனத்திலிருந்தே அழித்துவிட்டதாகச் சொல்கிறார். அந்த அறையை விட்டு வெளியே வந்து அவர் போனது இன்னொருவரிடம். அதே பள்ளியின் துணைத் தலைமையாசிரியர், அண்டை வீட்டுக்காரர், அவரை நன்கு அறிந்தவர். பரிந்துரைக் கடிதத்தை அவர் எழுதினார். 1985-இல் மிஷேல் பிரின்ஸ்டனில் பட்டம் பெற்றார்.

இந்த நிகழ்ச்சியை ஆலோசகர்களுக்கு எதிரான வழக்காக மட்டும் படிப்பவர்கள் பின்கதையைக் கவனிப்பதில்லை. ஆண்டின் சிறந்த பள்ளி ஆலோசகரைக் கௌரவிக்கும் விழாவை 2015-இல் முதன்முறையாக வெள்ளை மாளிகைக்குக் கொண்டுவந்தவர் இதே மிஷேல். 2017 ஜனவரி 6 அன்று அமெரிக்காவின் முதல் பெண்மணியாகத் தம் கடைசி முறையான உரையை நிகழ்த்த அவர் தேர்ந்தெடுத்த மேடையும் அந்த விழாதான். ஓர் ஆலோசகர் என்ன கேடு செய்ய முடியும் என்று அறிந்தவருக்கே அந்த நாற்காலியின் வலிமையும் தெரிந்திருந்தது.

முகம் தெரியாதவருக்கும் அண்டை வீட்டுக்காரருக்கும் இடையே இருந்த வேறுபாடு என்ன? இருவர் கையிலும் ஒரே மதிப்பெண் பட்டியல்தான் இருந்தது. ஒருவர் கோப்பைப் பார்த்தார், மற்றவருக்குப் பிள்ளையைத் தெரியும். பிள்ளையைத் தெரிந்துகொள்ள நேரம் வேண்டும். ஐந்நூறு, அறுநூறு மாணவர்களைத் தலையில் கட்டிவிட்டு, ஒவ்வொருவரையும் அறிந்து வழிகாட்டு என்றால் மனிதரால் ஆகாது. கோப்பைப் பார்த்துத் தரம்பிரிக்கத்தான் முடியும். 1963-இன் ஆய்வு காட்டிய வடிகட்டலுக்கு ஆலோசகரின் மனச்சாய்வு ஒரு காரணம் என்றால், அவசரம் மற்றொரு காரணம். அவசரத்தில் இருப்பவருக்கு முன்முடிவுகள்தான் கைகொடுக்கும்.

அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர் என்பதை அளவாகப் பரிந்துரைக்கிறது. 1986-87-இல் தேசியச் சராசரி 588. 2022-23-இல் அது 385-க்கு வந்தது. அரிசோனா மாநிலத்தில் அப்போதும் அறுநூறைத் தாண்டியது. வேலை நேரத்தில் எண்பது சதவீதம் மாணவர்களுக்கே செலவாக வேண்டும் என்று சங்கம் சொல்கிறது. நடப்பிலோ தேர்வுத் தாள்களை எண்ணி அடுக்குவது, கால அட்டவணையில் பாடங்களை மாற்றிப் போடுவது, மதிய உணவுக் கூடத்தில் நின்று கண்காணிப்பது என்று யாருக்கும் சொந்தமில்லாத வேலைகள் எல்லாம் ஆலோசகர் மேசைக்கு வந்து சேர்கின்றன. கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று வெளியே தயங்கி நிற்கும் பிள்ளைக்கு, உள்ளே அவர் விடைத்தாள் பெட்டிகளோடு மல்லுக்கட்டுவது தெரியும். அது தட்டாமலே திரும்பிப் போகும்.

ஆலோசகரின் உழைப்பை அளக்கவே முடியாது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கையைக் கிறிஸ்டின் மல்ஹெர்ன் என்ற பொருளியல் ஆய்வாளர் 2023-இல் வெளிவந்த ஆய்வில் அசைத்தார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பல மேல்நிலைப் பள்ளிகளில் மாணவரின் குடும்பப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு ஆலோசகரை ஒதுக்குவது வழக்கம். அகரவரிசையின் ஒரு பகுதி ஒருவருக்கு, அடுத்த பகுதி இன்னொருவருக்கு. பெயரின் முதலெழுத்துக்கும் படிப்புத் திறமைக்கும் தொடர்பில்லை. ஆகவே யாருக்கு எந்த ஆலோசகர் என்பது கிட்டத்தட்டச் சீட்டுக் குலுக்கல். ஆய்வுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. ஆறு ஆலோசகர்களில் முதலாமவர் என்று சொல்லத்தக்க ஒருவர் அமைந்த மாணவர்களிடையே பள்ளிப் படிப்பை முடிப்போர் விகிதம், சராசரி ஆலோசகர் அமைந்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டு சதவீதப் புள்ளி கூடியது. கல்லூரி சேர்வோர் விகிதமும் உயர்ந்தது. ஏழை மாணவர்களுக்கும் மதிப்பெண் குறைந்தவர்களுக்கும் பலன் மிகுதி. வெள்ளையரல்லாத மாணவர்களுக்கு வெள்ளையரல்லாத ஆலோசகர் அமைந்தபோது கூடுதல் நன்மை கிடைத்தது.

இரண்டு புள்ளி சிறியதாகத் தோன்றலாம். நூறு பேர் கொண்ட ஒரு தொகுதியில் இரண்டு பிள்ளைகள். இருபத்தைந்து ஆண்டுகளில், ஆண்டுக்கு நூறு பேரை வெளியே அனுப்பும் ஆலோசகர் கணக்கில் ஐம்பது பேர். வேறொருவர் அந்த அறையில் இருந்திருந்தால் பள்ளியை முடித்திருக்க மாட்டார்கள் என்று சொல்லத்தக்க ஐம்பது பேர். இவர்கள் யார் யார் என்று அவர்களுக்கே தெரியாது. ஆலோசகருக்கும் தெரியாது. இரங்கல் குறிப்பின் அந்த ஒற்றை வரியில் எண்ணற்ற என்ற சொல் அப்படிப் பார்த்தால் மிகச் சரியான சொல்.

இந்தக் கதைக்கும் நமக்கும் நேரடியான ஓர் உறவு உண்டு. 1952-இல் இந்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார். அக்குழுவில் கென்னத் ரஸ்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கரும் உறுப்பினர். 1953-இல் தந்த அறிக்கையில் மாணவர் வழிகாட்டலுக்கென்றே ஓர் இயல் ஒதுக்கி, பயிற்சி பெற்ற வழிகாட்டல் அலுவலர்களையும் தொழில் வழிகாட்டி ஆசிரியர்களையும் படிப்படியாக எல்லாக் கல்வி நிறுவனங்களிலும் அமர்த்த வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. ஸ்புட்னிக் ஏறுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே நம் ஆவணத்தில் இது எழுதப்பட்டுவிட்டது. 1954-இல் தில்லியில் மத்திய வழிகாட்டல் நிலையமும் தொடங்கப்பட்டது. 1964-66-இல் கோத்தாரி குழு இன்னும் ஒரு படி போய், வழிகாட்டல் தொடக்கப்பள்ளியிலேயே தொடங்க வேண்டும் என்றது.

எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் முழுநேர ஆலோசகர் பணியிடம் கிடையாது. 14417 என்ற உதவி எண் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் மேற்படிப்பு வழிகாட்டலைப் பள்ளிக்குள் கொண்டுவந்திருக்கிறது. இவை நல்ல காரியங்கள். ஆனால் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது. தெரிந்த ஒருவர் பள்ளிக்குள்ளேயே வேண்டும், அவருக்கு அதற்கான நேரமும் வேண்டும். இப்போது அந்த வேலையை நம் ஊரில் செய்துகொண்டிருப்பவர்கள் பாஸ்டனின் அந்தப் பழைய ஆசிரியர்களைப் போல வகுப்பு எடுத்த நேரம் போக மீந்த நேரத்தில் செய்கிறார்கள். பிளஸ் டூ முடிவு வந்த அன்று வீடு தேடிப் போகும் தமிழாசிரியர், கல்யாணம் பேசப்பட்ட பெண்ணின் அப்பாவிடம் இன்னும் இரண்டு வருஷம் பொறுங்கள் என்று மன்றாடும் தலைமையாசிரியை, கல்லூரி விண்ணப்பத்துக்குத் தன் பையிலிருந்து பணம் கட்டும் உடற்கல்வி ஆசிரியர். அவர்களுக்கு ஆலோசகர் என்ற பதவிப் பெயர்கூட இல்லை. அமெரிக்கத் தலைமுறைக்கு ஒரு வரியாவது மிஞ்சியது. இவர்களுக்கு அதுவும் மிஞ்சாது போலிருக்கிறது.

ஒன்றே ஒன்று செய்யலாம். உங்கள் ஊரில் இப்படி ஓர் ஆசிரியர் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தால், அவர் காலத்திலேயே போய்ப் பார்த்து, என்ன செய்தார், எப்படிச் செய்தார், எங்கே தவறினார் என்று கேட்டு எழுதிவையுங்கள். அவரிடம் படித்தவர்களையும் கேளுங்கள். நீ எங்கே இதெல்லாம் படிக்கப்போகிறாய் என்று அவரால் ஒதுக்கப்பட்டவர்கள் இருந்தால் அவர்களைக் கட்டாயம் கேளுங்கள். பிள்ளைகளின் பெயர்களை மட்டும் எழுத வேண்டாம். அவை அவர் காத்த ரகசியங்கள்.